நல்ல தண்ணீர் குடித்த மூன்று மரங்கள்

நம் குரூப்பில் போன வாரம் ஒருத்தி கேட்டாள்: "ஏடி, அஞ்சாப்புப் பரீட்சை முடிஞ்சு லீவு விட்டப்பப் பார்த்தது. பள்ளிக்கூடம் தெறந்தப்ப நீ வரவே இல்லையே, எங்கடி போன?" அதற்குக் கீழே நீங்கள் எல்லாரும் வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகளைப் போட்டீர்கள். நான் யாரோ மாமனோடு ஓடிவிட்டதாகத் தோட்டத்து லயத்து வீடுகளில் பேச்சு இருந்தது என்று இன்னொருத்தி எழுதியிருந்தாள். பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓட எந்த மாமனுக்கு என்ன கேடு வந்தது? பதில் போடலாம் என்று போனை எடுத்து மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அழித்தேன். நாலு வரியில் முடிகிற விஷயம் இல்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமை இல்லாதவள் ஒரு பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்க்கொள்ளலாம்.

நான் எங்கேயும் ஓடவில்லை. அந்தக் கோடை முழுக்க மலைக்குக் கீழே போடியில் ஒரு வீட்டுக் கொல்லையில் மூன்று மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அவை மரப்பெரணிகள். உங்களுக்கு நினைவிருக்கும். நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடை இறங்குகிற சோலைக்குள், ஆள் உயரத்துக்கு மேலே கருத்த தண்டும் உச்சியில் விரித்த குடையுமாக நின்றனவே, அவைதான். நாம் மலையாளத்துக்காரர்களைப் பார்த்து 'பன்னல்' என்போம். அதன் குருத்து சுருண்டு, பழுப்பு மயிர் போர்த்திக்கொண்டு, குரங்கு வால் போல வரும். தொட்டால் கை அரிக்கும் என்று தெரிந்தும் தொடுவோம். பிறகு பாவாடையில் தேய்த்துக்கொண்டு வகுப்புக்கு ஓடுவோம்.

நம் தோட்டத்து முதலாளிக்கு அந்த மரங்கள் மேல் ஒரு கிறுக்கு. ஏலக்காய் அவருக்குத் தொழில் மட்டும்தான், உயிரெல்லாம் செடி சேர்ப்பதில் இருந்தது. போடியில் அவர் வீட்டுக் கொல்லையில் பச்சை வலை கட்டிய கொட்டகை ஒன்று உண்டு. மரத்தில் ஒட்டி வளர்கிற பூச்செடிகள், புள்ளி போட்ட இலைகள், எந்தெந்த ஊரிலிருந்தோ தபாலில் வந்த கிழங்குகள் எல்லாம் அதற்குள் இருந்தன. "சாமி கும்புடுறப்பகூட மனுசன் இப்படி நின்னு நான் பார்த்ததில்ல" என்பாள் அந்த வீட்டுச் சமையற்கார அக்கா. மலையில் குளிரில் நிற்கிற மரப்பெரணியைப் போடி வெயிலில் வளர்த்துக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். தண்டை ரம்பத்தால் அறுத்து எடுத்து, வேரே இல்லாமல் குழியில் நட்டாலும் தானாக வேர் பிடித்துத் துளிர்க்கும் என்று அதில் படத்தோடு போட்டிருந்ததாம்.

அறுத்து எடுத்து வருகிற சோலி என் அப்பாவுக்கு வந்தது. அப்பாவையும் இன்னும் இரண்டு ஆட்களையும் ரம்பத்தோடு சோலைக்குள் அனுப்பினார்கள். இரண்டு மரங்கள் ஒழுங்காகக் கீழே வந்தன. மூன்றாவது மரத்தைச் சரிவில் உருட்டி இறக்கும்போது அது கைவிட்டு உருண்டு அப்பாவின் வலது காலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. மரங்களை ஏற்றிப் போன அதே ஜீப்பில்தான் அப்பாவையும் ஏற்றி இறக்கினார்கள். முதலில் முதலாளி வீட்டில் மரங்களை இறக்கிவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்பதை நான் பெரியவளான பிறகுதான் கேள்விப்பட்டேன். மரங்கள் வாடிவிடுமாம்.

லயத்துச் சட்டம் உங்களுக்கே தெரியும். அறையில் நிரந்தர வேலைக்காரர் ஒருத்தராவது இருக்க வேண்டும். எங்கள் அறைக்கு அப்பாதான் நிரந்தரம். அம்மா ஆள் தேவைப்படும்போது கூப்பிடுகிற கூலி. கால் கட்டோடு அப்பா வந்து படுத்த பத்தாம் நாள் கங்காணி வந்து வாசலில் நின்றார். "சாரல் விழுந்துட்டா புது ஆளுக வந்துருவாங்கம்மா. அதுக்குள்ள அறையைக் காலி பண்ணிக் குடுத்துருங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை, முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ராசிங்காபுரத்தில் பெரியப்பா இருந்தார். அம்மா நேரில் போய்க் கேட்டதற்கு, மாட்டுக்கே இடம் பத்தவில்லை என்று சொல்லி ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பினார்.

அங்கிருந்து அம்மா நேரே என்னை இழுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குத்தான் போனாள். அவர் கொல்லையில் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் மூன்று கரிக்கட்டைகள் நட்டு வைத்ததுபோல அந்த மரங்கள் நின்றன. இலை எல்லாவற்றையும் வெட்டிவிட்டிருந்தார்கள். சோலையில் பார்த்த மரமா இது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா காலில் விழப் போனாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"ஒன்னய எனக்குத் தெரியும்த்தா. ஒன் நிரையில நடந்து பார்த்திருக்கேன். ஒரு தூர்ல ஒரு சருகு இருக்காது. இந்தத் தோட்டத்துல ஒனக்கு மாதிரிக் கை யாருக்கும் கெடையாது" என்றார்.

அது உண்மைதான். ஏலச்செடித் தூரில் காய்ந்த இலையும் மட்டையும் கட்டிக்கொண்டு கிடக்கும். அதை உரித்துச் சுத்தம் செய்தால்தான் செடிக்குக் காற்றோட்டம், பூச்சி அடையாது, புதுச் சரம் வரும். அம்மா உரித்த தூர் பளபளவென்று நிற்கும்.

"இந்த மூணையும் நீ பார்த்துக்க. பின்னாடி கொட்டாரத்துல தங்கிக்கங்க. சாரல் விழறதுக்குள்ள மூணுல ஒண்ணாவது குருத்து விட்டு எலை விரிக்கட்டும். ஒன்னய நிரந்தரமாக்கிடறேன். அந்த அறை ஒங்களுக்குத்தான்."

"விடலைன்னா மொதலாளி?"

"விடும்த்தா" என்றார். அதற்கு மேல் அம்மா கேட்கவில்லை.

கொட்டாரம் என்றால் உரமும் சாக்கும் போட்டு வைக்கிற தகரக் கொட்டகை. எலும்புத்தூள் நாற்றத்துக்கு நடுவில் அப்பாவுக்கு ஒரு கயிற்றுக் கட்டில். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சித்திரை மாதத்துப் போடி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தகரம் பத்து மணிக்கே சுடத் தொடங்கும். கட்டுக்குள் வேர்த்து, அரிப்பெடுத்து, அப்பா ஈர்க்குச்சியை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டே கிடப்பார். நான் வெளியே வந்தால் மேற்கே மலை தெரியும். போடிமெட்டுக்கு ஏறுகிற ஜீப்புகளின் கண்ணாடி வெயிலில் மின்னும். அங்கே குளிராக இருக்கும், நீங்கள் எல்லாம் விளையாடிக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வரும்.

மரங்களுக்கு நாலு பக்கமும் ஈரச் சாக்குத் தட்டி கட்டினோம். காலையில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணீர். அதை உச்சிக் குழியிலும் தண்டிலும் ஊற்ற வேண்டும், அடியில் மட்டும் ஊற்றினால் பத்தாது என்று முதலாளி சொல்லியிருந்தார். ஏன் தண்டில் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன், புத்தகத்தில் போட்டிருந்தது, சொன்னார். பித்தளைக் கைப்பம்பு ஒன்றும் கொடுத்திருந்தார். தண்ணீரைப் புகையாக அடிக்கும். அதன் பிடி என் உள்ளங்கையில் பதிந்து காய்த்துப்போனது. அந்தப் பம்பின் பித்தளை வாடையை இன்றைக்கும் என் விரலை மோந்தால் உணர்கிறேன் என்று சொன்னால் என் மகள் சிரிக்கிறாள்.

கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீர் பட்டால் பெரணி கருகிவிடும் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே தெருக் குழாயில் வருகிற நல்ல தண்ணீர் மரங்களுக்கு, கிணற்று உப்புத் தண்ணீர் எங்களுக்கு. குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். நான் ஐந்து குடம் வைத்து வரிசையில் நிற்பேன். ஒரு நாள் ஒரு பொம்பளை என் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"எதுக்குடி ஒனக்கு அஞ்சு கொடம்? வீட்ல எத்தன பேரு?"

"மூணு பேரு. இது எங்களுக்கு இல்லக்கா, செடிக்கு."

"எம்புள்ளைக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. செடிக்கு நல்ல தண்ணி கேக்குதா?"

 எங்களுக்கும் குடிக்க இல்லை அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. சமையற்கார அக்கா வந்து பெரிய வீட்டின் பேரைச் சொன்ன பிறகுதான் வழி விட்டார்கள். உப்புத் தண்ணீரில் வடித்த சோறு சீக்கிரம் நொந்து ஊசிப்போகும். அப்பாவுக்கு வாய் புண்ணானது. ஒரு தடவை நான் பம்பைக் கவிழ்த்து ரெண்டு மடக்கு குடித்ததை அம்மா பார்த்துவிட்டாள். அடிக்கவில்லை. பம்பை வாங்கி, மிச்சத்தை மரத்தின் உச்சியில் அடித்துவிட்டு, "நீ நாளைக்கும் இருப்ப. இது இருக்கணும்ல" என்றாள். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

சித்திரை முடிந்தது. மூன்றும் கட்டையாகவே நின்றன. தினமும் காலையில் அம்மா முக்காலி போட்டு ஏறி உச்சிக் குழியை எட்டிப் பார்ப்பாள். இறங்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் குடத்தைக் கழுவிக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு மத்தியானம், அம்மா குழாயடிக்குப் போயிருந்தபோது, அப்பா என்னைக் கட்டில் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஆத்தா, அந்த வேப்பமரத்து ஓரத்துல நிக்கிறது இருக்குல்ல, அதுக்கு ஒரு கொடம் சேத்து ஊத்து."

"ஏம்ப்பா?"

தகரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "மொதலாளி அறுக்கச் சொன்னாரு. ரெண்ட அறுத்தேன். அறுத்தா உள்ள வெள்ளையா, மாட்டு எலும்பு மாதிரி இருக்கு. தண்ணியா வடியுது. மூணாவதுக்கு மனசு வரல. வேரோட தோண்டி மண்ணு ஒட்ட எடுத்துட்டேன். அந்த வெயிட்டுதான் உருண்டுருச்சு."

"அப்ப அது பொழைச்சுருமாப்பா?"

"பொழைச்சா அதுதான் பொழைக்கும். ஆனா யார்ட்டயும் சொல்லிறாத, கூட வந்து நட்டவங்களும் வாயத் தொறக்க மாட்டாங்க. சொன்னதைச் செய்யாம வேற செஞ்சுதான காலை ஒடச்சுக்கிட்டான்னு மொதலாளி கைய விரிச்சுட்டா நம்ம கதி அம்புட்டுத்தான். ஒங்கம்மாட்டயும் சொல்லாத. அவ மனசுல ஒண்ணும் நிக்காது, பதட்டத்துல ஒளறிருவா."

நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அப்பா என்னிடம் மட்டும் ஒன்றைச் சொல்லியிருக்கிறார் என்ற பெருமை வேறு. தினமும் வேப்பமர ஓரத்து மரத்துக்குக் கள்ளத்தனமாக ஒரு குடம் அதிகம் ஊற்றினேன்.

இனி சொல்வதை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

வைகாசி பிறந்த வாரம் அம்மா பொறுக்க முடியாமல் தன் கவாத்துக் கத்தியை எடுத்தாள். அந்த மரங்களின் தண்டு முழுக்கக் கருப்பு நாராகப் பின்னிக்கொண்டு, பாசி ஏறி, தடிமனாக இருக்கும் இல்லையா? அதைப் பார்த்தால் ஏலக்காட்டில் வேலை செய்த யாருக்கும் கை துறுதுறுக்கும். "எம்புட்டுச் சருகு கட்டிக் கெடக்கு பாரு. மூச்சு முட்டாதா இதுக்கு? இப்படி இருந்தா எப்படிக் குருத்து வரும்?" என்று சொல்லி, வேப்பமர ஓரத்து மரத்தில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் உரித்துப் பார்த்தாள். முதலாளி ஏதாவது சொல்வாரோ என்ற பயத்தில் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

எட்டாம் நாள் காலையில் முக்காலி மேல் நின்ற அம்மா இறங்கவே இல்லை. "ஏய், இங்க வாடி" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. என்னைத் தூக்கிக் காட்டினாள். உச்சிக் குழிக்குள், பழுப்பு மயிருக்குள், கட்டைவிரல் பருமனுக்குச் சுருண்ட ஒரு குருத்து. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தக் கொல்லைக்கு வந்த பிறகு அவள் என்னைத் தொட்டதே குடம் தூக்கிவிடத்தான்.

முதலாளி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முக்காலியில் ஏறினார். இறங்கும்போது சின்னப் பையன் மாதிரிச் சிரித்தார்.

"என்னத்தா பண்ணுன இதுக்கு மட்டும்?"

அம்மா பயந்துகொண்டே சொன்னாள்: "ஒரு சாண் சருகு எடுத்து விட்டேன் மொதலாளி."

"அதான! நான் சொன்னேன்ல, ஒன் கை. எலை விரியட்டும், விரிஞ்ச அன்னைக்கே கங்காணிக்குச் சொல்லிடறேன்" என்றார். கொட்டாரத்துக்குள் கட்டிலில் அப்பா கிடந்தார். முதலாளி அந்தப் பக்கம் திரும்பாமல் போனார்.

அவர் போன பிறகு அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஏடி, நெசமாவே நான் சுத்தம் பண்ணுனதுனாலதான வந்துருக்கு? மத்த ரெண்டும் வரலையே?"

வேர் இருந்ததால் வந்தது என்று எனக்குத் தெரியும்.  அப்பாவுக்குச் செய்த சத்தியம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அம்மாவின் முகம். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"ஆமாம்மா. ஒன் கைதான்" என்றேன்.

அன்றைக்கே தொடங்கினாள். இரண்டு நாள் முழுக்க அந்த மரத்தை மேலிருந்து கீழாக உரித்தாள். நார் பாயாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே ஈரமாக, மழைக்காலத்துச் சோலை வாசம் அடித்தது. நான் அள்ளி எருக்குழியில் கொண்டுபோய்ப் போட்டேன். கருப்பு நாரின் நுனிகளில் வெள்ளை வெள்ளையாக ஏதோ இருந்தது. "பூசணம் புடிச்சிருக்கு பாரு, நல்லவேளை எடுத்தோம்" என்றாள் அம்மா. அப்பா கட்டிலில் கிடந்தபடி சுரண்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சருகை எடுப்பதில் என்ன கெடுதல் வந்துவிடும் என்று அவரும் நினைத்திருப்பார், அவரும் ஏலக்காட்டு மனிதர்தான். வேலை முடிந்தபோது தண்டு வழவழவென்று, அம்மாவின் தூர் மாதிரியே நின்றது. அடுத்ததாக மற்ற இரண்டையும் செய்ய வேண்டும் என்றாள்.

நாலாம் நாள் குருத்தின் கழுத்து சாய்ந்தது.

முதலில் வெயில் என்று நினைத்தோம். தட்டியை இன்னும் நெருக்கிக் கட்டினோம். நான் கைப்பம்பை அடித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் குருத்தின் நுனி கருத்தது. அம்மா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். திடீரென்று எருக்குழிக்கு ஓடினாள். குப்பைக்குள் இறங்கி, நாங்கள் போட்ட நாரை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தாள். அதைத் தண்டில் வைத்து ஒட்டி, தண்ணீர் விட்டு, வாழைநாரால் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். வாழைநார் பத்தவில்லை. "ஏதாச்சும் துணி கொண்டாடி, வெரசா!" என்று கத்தினாள். என் பெட்டியில் மேலே இருந்தது நீலப் பாவாடைதான். பள்ளிக்கூடம் திறந்தால் ஆறாம் வகுப்புக்குப் போட வைத்திருந்தது. அதைக் கொடுத்தேன். பார்க்கவே இல்லை அவள், பல்லால் கடித்து நாடா நாடாவாகக் கிழித்தாள். மரம் நீலக் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றது. கொட்டாரத்துக்குள் அப்பா வெள்ளைக் கட்டோடு கிடந்தார்.

ஒரு வாரம் கழித்து மேற்கேயிருந்து சாரல் விழுந்தது. போடியே வெளியே வந்து நின்றது. குழாயடியில் என்னைத் திட்டிய பொம்பளைகூட முகத்தை ஏந்திக்கொண்டு நின்றாள். அம்மா முக்காலியில் ஏறிக் குருத்தைத் தொட்டாள். அது கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மழையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி வந்து பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது கொஞ்சம் தேவலை. "சரி, விடு. அடுத்த வருசம் வேற கொண்டாரச் சொல்லுவோம்" என்றார். அவருக்கு அடுத்த வருஷம் இருந்தது. போகும்போது திரும்பி, "தண்டை வீணாக்கிறாத. பிடுங்கி வச்சுரு. துண்டு போட்டா நம்ம பூச்செடி ஒட்டி வைக்க ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அறையைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் வலைக் கொட்டகைக்குள் போய்விட்டார்.

மறுநாள் நாங்கள் பிடுங்கினோம். அறுத்து நட்ட இரண்டும் ஆட்டியதும் கையோடு வந்தன. அடியில் ரம்பம் போட்ட வட்டம் அப்படியே இருந்தது, ஒரு வேர்கூட இல்லை, அழுகல் நாற்றம். வேப்பமர ஓரத்து மரம் வரவில்லை. அம்மா மண்வெட்டியால் தோண்டினாள். தோண்டத் தோண்டக் கருப்பு மண் வந்தது. அது போடி மண் இல்லை. அதற்குள் மரத்தின் அடியிலிருந்து கிளம்பிய வேர்க்கொத்து. அம்மா அதைக் கையால் நீவினாள். கருப்பு நார், நுனியில் வெள்ளை. பூசணம் என்று அவள் சொன்ன அதே வெள்ளை. எழுந்து எருக்குழியைப் பார்த்தாள். பிறகு தண்டில் கட்டியிருந்த நீலத் துணியைப் பார்த்தாள்.

மண்கையோடு கொட்டாரத்துக்குள் போனாள். நான் வாசலில் நின்றேன்.

"இத மட்டும் தோண்டித்தான எடுத்த?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனாய்யா? வேரு இருக்கு, அதுதான் குருத்து விட்டுருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அது பக்கம் கத்தியைக் கொண்டு போயிருப்பேனா? எங்கையாலயே உரிச்சுப் போட்டேனே!"

"பயந்துட்டேன்" என்றார் அப்பா.

அம்மா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "இவளுக்குத் தெரியுமா?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அப்பா சொன்னார்: "பச்சப் புள்ளைக்கு என்ன தெரியும்? யார்ட்டயும் சொல்லல. நான் ஒருத்தன்தான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் நான் செய்தது.

லயத்துக்குப் போனபோது எங்கள் பாத்திரமெல்லாம் வெளியே சாக்குப் போட்டு மூடியிருந்தது. நீங்கள் எல்லாரும் அப்போது வகுப்பில் இருந்திருப்பீர்கள். மணி அடிப்பதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று நான்தான் அம்மாவை அவசரப்படுத்தினேன். பள்ளிக்கூடத்து நீலப் பாவாடை இல்லாமல் உங்கள் முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. போடியில் ஓர் ஒற்றை அறை கிடைத்தது. அம்மாவும் நானும் ஏலக்காய் கோடவுனில் காய் தரம் பிரிக்க உட்கார்ந்தோம். நான் அதிலிருந்து எழுந்திருக்க முப்பத்தெட்டு வருஷம் ஆனது. இவ்வளவு எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள், பொட்டலம் கட்டுகிற பேப்பரையெல்லாம் வாசித்து வந்த எழுத்து இது.

அம்மா அதற்குப் பிறகு அப்பாவோடு சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. கோல் ஊன்றி நொண்டிக்கொண்டு அவர் வாட்ச்மேன் வேலைக்குப் போய் வருவார். தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, "ஒங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்பாள் என்னிடம். மூன்று அடி தூரத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். நான் "யப்பா, சாப்பிடுவீங்களாம்" என்பேன். "சரித்தா" என்பார். எனக்குக் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போன பிறகும், காய்ச்சல் என்றால் என்னைத்தான் கூப்பிட்டு விடுவாள், ஒங்கப்பாவை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு என்று. அவர் ஒரு தடவைகூட, ஒரு கோபத்தில்கூட, ஒன் மகளுக்கும்தான் தெரியும் என்று சொல்லவில்லை. சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அவர் போய்ப் பதினோரு வருஷமாகிறது. கடைசி நாளிலும் அம்மா என்னிடம்தான், "வாயில தண்ணி ஊத்தவான்னு கேளு" என்றாள்.

போன வருஷம் மகளோடு மூணாறு பக்கம் போனபோது ஒரு தோட்டத்தில் மரப்பெரணிகளைப் பார்த்தேன். ஒரு மலையாளத்து ஆள் குழாயைப் பிடித்துத் தண்டை நனைத்துக்கொண்டிருந்தார். இந்தச் சருகையெல்லாம் எடுக்க மாட்டீர்களா என்று கேட்டேன். பதறிவிட்டார். "ஐயோ சேச்சி, அதொக்கெ வேரா!" என்றார். தண்டைச் சுற்றி இருப்பது முழுக்க உயிருள்ள வேராம், அது வழியாகத்தான் மரம் தண்ணீர் குடிக்குமாம். அறுத்து நட்டால் வருமா என்று கேட்டேன். வேறு தேசத்து ஜாதி ஒன்று அப்படி வருமாம், நம் மலையில் இருக்கிறது வராதாம். ஆக, அந்த இரண்டும் அறுத்த அன்றைக்கே செத்தவை. செத்த கட்டைகளுக்கு நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டு நாங்கள் உப்புத் தண்ணீர் குடித்தோம். உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்று. அதற்காகத்தான் அப்பாவின் கால் போனது, அதைத்தான் அம்மா உரித்தாள், ஒன் கைதான் அம்மா என்று நான்தான் சொன்னேன்.

நீங்கள் குரூப்பில் கேட்ட மறுநாள் அம்மாவிடம் போனேன். எண்பது தாண்டிவிட்டது. முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா என்னைக் கூப்பிட்டுச் சொன்னது, நான் சத்தியம் செய்தது, அவள் கேட்டபோது ஒன் கைதான் என்றது, அப்புறம் கதவோரம் வாயை மூடிக்கொண்டு நின்றது எல்லாம். அவள் கீரை உருவுவதை நிறுத்தவில்லை. காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"அப்ப ஒனக்கும் தெரியும்" என்றாள்.

"ஆமாம்மா."

"அந்த மனுசன் ஒனக்கும் சேத்தா வாங்கிக்கிட்டாரு?"

"ஆமாம்மா."

கீரைக் காம்பைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"சாப்பிடச் சொல்லுன்னு ஒங்கிட்டயேதானடி சொல்லி அனுப்பிக்கிட்டு இருந்தேன்."